ஓட்டை போட்ட டச்சுக் காசுக்கு என்ன கிரேட்?

உப்புவெளிப் பக்கம் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பேர், வீடு, தெரு எல்லாத்தையும் விட்டுட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்றன்.

அவர்ட அம்மம்மா போன வருஷம் மோசம் போயிட்டா. அவட கொட்டப்பெட்டிக்குள்ள காஞ்ச பாக்குத் துண்டு, பழைய சாவி ஒண்டு, அதோட தடிச்ச செம்புக் காசு ஒண்டு இருந்திருக்கு. காசுட மேல்பக்கம் ஓட்டை, ஓட்டைக்குள்ள கறுத்தக் கயிறு ஒரு துண்டு. மாமா சின்னப்பிள்ளையா இருக்கேக்க பயந்து பயந்து அழுதவராம், அதுக்காக அரைஞாண் கயித்துல கட்டினதாம், இது அம்மா சொல்ற கதை. அதுக்கு முந்தி காசு எங்க இருந்து வந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தம்பி அதைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு தேய்ச்சிருக்கிறார், பிறகு ஒரு பக்கத்தை மட்டும் குத்துவிளக்கு மினுக்கிற லிக்குயிட்டால திரும்பவும் தேய்ச்சிருக்கிறார். இப்ப ஒரு பக்கம் வி.ஓ.சி எழுத்து தெரியுது, அதுக்கு மேல, ஓட்டைக்கு நேர கீழ, ஒரு நேர்கோடு. மற்றப் பக்கம் 179 வரைக்கும் வாசிக்கலாம், கடைசி இலக்கம் இல்ல.

டவுன்ல ஒருத்தர் இது வெறும் செம்பு விலைக்குத்தான் போகும் எண்டிருக்கிறார். ஒன்லைன்ல இன்னொருத்தர் "விஎஃப் (வெரி ஃபைன்) கிரேட், திருகோணமலை மிண்ட் (காசு அடிச்ச இடம்), லட்சக்கணக்குல போகும்" எண்டிருக்கிறார். கனடாவுல இருக்கிற மச்சான் "போஸ்ட்ல போட்டு விடு, நான் அமெரிக்காவுல கிரேட் பண்ணி வித்துத் தாறன்" எண்டு நிக்கிறார். தம்பி கேட்கிறது நாலு விஷயம்: உண்மையான கிரேட் என்ன, ஓரத்துல எழுத்து பாதி இல்லாதது சேதமா, ஓட்டையைத் தட்டாரிட்டக் குடுத்து அடைக்கலாமா, மச்சானுக்கு அனுப்பலாமா.

தம்பி, முதல்ல ஒரு விஷயம், இனி அந்தக் காசைத் தேய்க்காதீங்க. மிச்சமிருக்கிற கறுப்பு ஊத்தை எண்டு நீங்க நினைக்கிறது ஊத்தையே இல்ல, அதைப் பற்றிப் பிறகு வாறன். வெக்கப்படவும் வேணாம், என்ட கைக்கு வந்த முதல் பழங்காசை நானே தேசிக்காய் போட்டு உரஞ்சி புதுச் சட்டி மாதிரி ஆக்கிப்போட்டு வீட்டுல எல்லாருக்கும் காட்டித் திரிஞ்சனான்.

இது என்ன காசு

வி.ஓ.சியைப் பாத்துட்டு "இது கப்பலோட்டிய தமிழன்ட கம்பெனி காசா" எண்டு என்னட்டக் கேட்ட ஆக்கள் இருக்கிறாங்க, சிரிக்கேல, கேள்வி நியாயம்தான், அவரும் கப்பல் கம்பெனிதான் நடத்தினவர். ஆனா இது 1602ல தொடங்கின டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிட முத்திரை. பெரிய வி, அதுட இடது கையில ஓ, வலது கையில சி கொழுவியிருக்கும். இந்த முத்திரையோட இலங்கையில ரெண்டு சாதிச் செம்புக் காசு கண்டபடி கிடைக்கும். ஒண்டு ஒல்லாந்துல அடிச்சுக் கப்பல்ல வந்த மெல்லிசுக் காசு, டொய்ட், மூண்டு கிராம் அளவுல இருக்கும், பின்பக்கம் கிரீடம் வைச்ச கேடயம். துட்டு எண்ட நம்மட சொல்லே அதுல இருந்து வந்தது எண்டு சொல்லுவாங்க. மற்றது இங்கயே அடிச்ச தடிச்ச காசு, ஸ்டைவர். 1780களிலயும் 1790களிலயும் கம்பெனிக்குச் சில்லறைத் தட்டுப்பாடு வந்த நேரம் அடிச்சது. முத்திரைக்கு மேல ஊர் எழுத்து போடுவாங்க: கொழும்புக்கு சி (C), காலிக்கு ஜி (G), யாழ்ப்பாணத்துக்கு ஐ (I), திருகோணமலைக்கு டி (T). மற்றப் பக்கம் மதிப்பும் வருஷமும்.

உங்கட காசு தட்டாதெருக் கடையில பத்துக் கிராமுக்கு மேல நிண்டது எண்டு எழுதியிருக்கிறீங்க, படத்துல ஓரமும் நல்ல தடிப்பு, கேடயமும் இல்ல. ஆகவே ஸ்டைவர்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. போலியோ எண்டு பயந்தீங்க. டூரிஸ்ட் ஆக்களுக்கு விக்கிற வார்ப்புக் காசுகள்ல ஓரத்தைச் சுத்தி ஒரு தையல் கோடு தெரியும், மேற்பரப்பு சவர்க்காரம் மாதிரி வழுவழுப்பா, ஊசி முனை அளவுக் குமிழி ஓட்டைகளோட இருக்கும். உங்கட காசுல அப்பிடி ஒண்டும் இல்ல, அதோட ஓட்டைட மேல் விளிம்பு கயிறு உரஞ்சி உரஞ்சி வழிஞ்சு போயிருக்கு. நேற்று துளைச்ச ஓட்டை அப்பிடி வராது.

தேய்ஞ்சது வேற, அடிபட்டது வேற

ஒருத்தர் செம்பு விலை எண்டும் மற்றவர் விஎஃப் எண்டும் சொன்னதுக்குக் காரணம் ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தைப் பாத்ததுதான். ஒருத்தர் ஓட்டையை மட்டும் பாத்தார், மற்றவர் எழுத்தை மட்டும் பாத்தார்.

கிரேட் போடேக்க ரெண்டு கேள்வியைத் தனித்தனியாக் கேட்கோணும். இந்தக் காசு கைமாறிக் கைமாறி எவ்வளவு தேய்ஞ்சிருக்கு? அதுக்கு அப்பால இதுக்கு என்னென்ன நடந்திருக்கு? முதல் கேள்விக்கு ஒரு இலக்கம் வரும், ரெண்டாவதுக்கு ஒரு பட்டியல் வரும். ரெண்டையும் ஒண்டாக் கலந்தா குழப்பம்தான்.

இப்ப எல்லாரும் பாவிக்கிற 1 தொடக்கம் 70 வரையான அளவு செம்புக்காகவே பிறந்தது எண்டது கனபேருக்குத் தெரியாது. அமெரிக்காவுல 1793ல இருந்து 1814 வரைக்கும் அடிச்ச பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் எண்டவர் 1949ல கொண்டு வந்தது. ஆரம்பத்துல அது விலைக் கணக்கு, 1 கிரேட் காசு ஒரு டாலர் எண்டா 70 கிரேட் காசு எழுபது டாலர். விலைக் கணக்கு கெதியாப் பிழைச்சுப்போச்சு, இலக்கம் மட்டும் நிண்டுட்டுது. அந்தப் பழஞ்செம்பு சேர்க்கிற ஆக்கள் முதல்ல தேய்மானத்துக்கு இலக்கம் போட்டுட்டு, பிறகு ஓட்டை, கீறல், அரிப்பு எல்லாத்துக்கும் கழிச்சு ஒரு நிகர இலக்கம் போடுவாங்க. பெரிய கிரேடிங் கம்பெனிகள் கழிக்கிறதில்ல, "இவ்வளவு டீட்டெயில்ஸ், ஓட்டை, கழுவினது" எண்டு எழுதி விட்டுடுவாங்க, இலக்கம் தரமாட்டாங்க.

இன்னொரு பொறி இருக்கு. இந்த அளவுல "குட்" எண்டா நல்லம் எண்டு அர்த்தம் இல்ல. குட் எண்டது 4, எழுபதுக்கு நாலு! வெரி குட் 8, ஃபைன் 12, வெரி ஃபைன் 20ல தொடங்கும், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40. "வெரி குட்" எண்டு சொன்னதும் சந்தோஷப்பட்டுக் கூடின காசு குடுத்து வாங்கிப்போட்டு முழிச்ச ஆக்கள் கனபேர்.

உங்கட காசுக்கு வருவம்

ராசா தலை இல்லாத காசு இது, முடி, காது, கன்னம் பாத்துக் கிரேட் போட ஏலாது, எழுத்துத்தான் இருக்கு. நான் முதல்ல பாக்கிறது ஓவும் சியும் வியை வெட்டிக் கடக்கிற சந்தி, ரெண்டு கோடும் அங்க தனித்தனியாத் தெரியுதா, இல்லாட்டி ஒண்டாகிச் சப்பட்டையாப் போச்சா எண்டு. பிறகு எழுத்துட தலை உருண்டையா இருக்கா, மழுங்கிப் போயிருக்கா எண்டு. வெரி ஃபைன் எண்டா சந்தி பிரிஞ்சு தெரியோணும், எழுத்துட ஓரம் கூரா நிக்கோணும், வருஷம் நாலு இலக்கமும் இருக்கோணும். ஃபைன் எண்டா எல்லாம் தெரியும் ஆனா மழுங்கல். வெரி குட்ல முத்திரை முழுசா இருக்கும், சந்தி சப்பட்டை, வருஷத்துல ஏதோ போயிருக்கும். குட்ல உருவம் மட்டும் நிழல் மாதிரி.

உங்கட படங்கள்ல மூண்டாவதுதான் உதவினது, டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சு எடுத்தது. நேர மேல இருந்து லைட் அடிச்சா எல்லாக் காசும் வடிவாத்தான் இருக்கும். அந்த மூண்டாவது படத்துல ஓ கடக்கிற சந்தி முழுக்கச் சப்பட்டை, சி கடக்கிறதுல மெல்லிய கோடு மட்டும். ஆகவே தேய்மானக் கணக்குல இது வெரி குட் 8. விஎஃப் எண்டு சொன்னவர் எழுத்துக்குப் பக்கத்துல தெரியிற கறுத்த பள்ளத்தைப் பாத்து ஏமாந்திருப்பார். நீங்க மினுக்கினபடியா மேடு பளபளக்குது, பள்ளம் கறுப்பா நிக்குது, அதால எழுத்து உண்மையில இருக்கிறதை விட உயரமா நிக்கிற மாதிரித் தெரியும். மினுக்கின காசு படத்துல எப்பவும் ஒரு படி மேல நிக்கும், கையில எடுத்தா ரெண்டு படி கீழ இறங்கும்.

இனிப் பட்டியல். ஓட்டை ஒண்டு. ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவினது, ஒரு பக்கம் கூட. அந்த இளஞ்சிவப்பு நிறம் செம்புக்கு வயசு போனா வராத நிறம். பின்பக்கம் அரிப்புப் புள்ளிகள். ஓரத்துல ஒரு நசுங்கல். எழுதுறதெண்டா "வெரி குட் டீட்டெயில்ஸ், ஓட்டை, கழுவினது" எண்டு எழுதுவன். நிகர இலக்கம் கேட்டீங்கண்டா ரெண்டு, மிஞ்சினா மூண்டு.

ஆனா ரெண்டு இடத்துல நீங்க உங்கட காசுக்கு அநியாயம் செய்திருக்கிறீங்க. ஓரத்துல மதிப்பு எழுத்து பாதிதான் இருக்கு, அது பெரிய சேதம் எண்டு எழுதினீங்க. அது சேதமே இல்ல. இந்தக் காசுகளுக்கு அச்சு பெரிசு, செம்புத் துண்டு சின்னன், அச்சுல இருக்கிற எல்லாம் துண்டுல விழ இடமில்ல, சம்மட்டி விழுந்த பக்கத்துக்கு எழுத்து போயிடும். ஓரம் கோணலா, வெட்டின அடையாளத்தோட இருக்கிறதும் அப்பிடித்தான், பிறவியிலயே அப்பிடி. பிறவியில இல்லாததைத் தேய்மானத்துலயோ சேதத்துலயோ கழிக்கக் கூடாது. இதைத்தான் உங்கட மச்சான் "எரர் காயின், அபூர்வம்" எண்டு சொல்லியிருக்கிறார், அதுவும் இல்ல, இந்தச் சாதிக் காசுல முழு எழுத்தும் நடுவுல விழுந்த காசு கிடைக்கிறதுதான் கஷ்டம்.

ரெண்டாவது, வருஷத்துட கடைசி இலக்கம். அந்த இடத்தைத் திருப்பிப் பாத்தா மற்றப் பக்கம் அதே இடத்துல ஓ எழுத்துட கீழ் வளைவும் மெலிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல மெலிவு எண்டா அது அடியேக்க அச்சு வடிவாப் பதியாதது, தேய்மானம் இல்ல. தேய்மானம் எண்டா மேடான இடம் முதல்ல போகும், வழுவழுப்பா இருக்கும். பதியாத இடத்துல செம்புட பழைய சொரசொரப்பு அப்பிடியே நிக்கும். பத்து மடங்கு லென்ஸ், தட்டார் கண்ணுல வைக்கிறதுதான், ஒண்டு எடுத்துப் பாருங்க, வித்தியாசம் விளங்கும்.

அந்த நேர்கோடு

உண்மையில உங்கட காசுட கதை கிரேட்டுல இல்ல, அந்தக் கோட்டுல இருக்கு. வெரி குட்டா குட்டா எண்டதை விட ஊர் எழுத்து டி (T)யா ஐ (I)யா எண்டதுதான் காசு சேர்க்கிற ஆளுக்கு முக்கியம். ஆனா ஓட்டை போட்டவர் சரியா ஊர் எழுத்துட தலையில கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்! எப்பிடியோ தொங்க விட மேல்பக்கம்தான் துளைப்பாங்க, எழுத்தும் மேல்பக்கம்தான். சியும் ஜியும் இல்ல எண்டது தெளிவு, வளைவே இல்ல. நேர்கோடு மட்டும் மிஞ்சினா அது யாழ்ப்பாணத்து ஐ (I) ஆவும் இருக்கலாம், தலைக்கோட்டை ஓட்டை தின்ன திருகோணமலை டி (T) ஆவும் இருக்கலாம்.

"திருகோணமலையில கிடைச்சது, அப்ப திருகோணமலை மிண்ட்தானே" எண்டு எழுதியிருக்கிறீங்க. ஆசை விளங்குது, ஆனா காசு நடக்கும். யாழ்ப்பாணத்துல இருந்து திருகோணமலைக்குத் தோணியில வந்த ஆக்கள்ட மடியில எத்தனை ஐ காசு வந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. கிடைச்ச இடம் சாட்சி இல்ல.

சாட்சி காசுலயே இருக்கு. டிட தலைக்கோடு ஓட்டையை விட அகலமா இருந்தா, ரெண்டு பக்கமும் நுனி மிஞ்சியிருக்கோணும். உங்கட படத்துல ஓட்டைக்கு இடப்பக்கம் துளைக்கேக்க வெளிய தள்ளின செம்பு மடிஞ்சு கிடக்குது, அதுக்குக் கீழ என்ன இருக்கு எண்டு சொல்ல ஏலாது. வலப்பக்கம் ஒரு சின்ன மேடு தெரியுது. அது தலைக்கோட்டு நுனியா, இல்லாட்டி அதுவும் தள்ளின செம்பா எண்டது படத்துல பிடிபடேல. தள்ளின செம்பு எண்டா ஓட்டைட விளிம்போட சேந்து வளைஞ்சு நிக்கும், எழுத்து எண்டா நேரா, விளிம்புல வெட்டுப்பட்டு நிக்கும். அந்த மடிஞ்ச செம்பை ஊசியால நிமித்திப் பாக்க நினைக்காதீங்க, இருக்கிற சாட்சியும் போயிடும்.

இதாலதான் ஓட்டையை அடைக்க வேணாம் எண்டும் சொல்றன். தட்டார் ஈயம் வைச்சு ஒட்டி, அரம் போட்டு, சமனாக்கித் தந்தா பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சூட்டுல நிறம் போகும், அரத்துல நுனி போகும், பிறகு "ஓட்டை" எண்ட ஒரு குறைக்குப் பதிலா "அடைச்சது, சூடு காட்டினது, அரம் போட்டது" எண்டு மூண்டு குறை.

களிம்பும் கடற்காத்தும்

மேல சொன்ன கறுப்பு, மண்ணிறப் படை செம்புட தோல். செம்பு காத்தோட சேந்து தானே போட்டுக்கொண்ட சட்டை, உள்ள இருக்கிறதைக் காக்கிறது அதுதான். நீங்க அதை உரிச்சுட்டீங்க, கடலுக்குக் கிட்ட இருந்து கொண்டு. பின்பக்க அரிப்புப் புள்ளிகள்ல பச்சை தெரியுது. இறுகின, வழுவழுப்பான கடும்பச்சை எண்டா பயமில்ல, விட்டுடுங்க. இளம்பச்சை மாவு மாதிரி, பல்லுக்குத்திற குச்சியால தொட்டா உதிருதெண்டா அதுதான் கூடாத களிம்பு. உள்ள இருக்கிற உப்பு, ஈரத்தையும் காத்தையும் கண்டதும் அமிலமாகி இன்னும் செம்பைத் தின்னும், தின்னத் தின்ன இன்னும் அமிலம்.

பழப்புளிட புளிப்பும் அந்தக் குழிகளுக்குள்ள நிக்கும். ஆகவே கயித்தைப் பத்திரமா எடுத்து வைச்சுப்போட்டு, காசை டிஸ்டில்ட் வாட்டர்ல ஊறப் போடுங்க. கடையில பற்றறிக்கு விடுற தண்ணி எண்டு கேளுங்க, அசிட் இல்ல, தண்ணி. ஒரு நாளைக்கு ஒருக்கா மாத்தி ஒரு கிழமை விடுங்க. பிறகு துடைக்காம ஒத்தி எடுத்து நல்லா உலர விட்டு, காத்துப் போகாத சின்ன டப்பாவுல சிலிக்கா ஜெல் பைக்கற்றோட வைங்க. ஆல்பத்துல வாற மெத்தென்ட பிளாஸ்டிக் உறை வேணாம், அது காலப்போக்குல பிசின் மாதிரிக் கசிஞ்சு தானே பச்சை பிடிக்க வைக்கும். தேங்காயெண்ணெய், ஒலிவ் எண்ணெய் ஒண்டும் பூசாதீங்க. உதிர்ற பச்சை நிக்காட்டி வீட்டு வைத்தியத்தை நிப்பாட்டிப்போட்டு, மியூசியத்துல பராமரிப்பு வேலை செய்யிற ஆளிட்டக் காட்டோணும்.

மச்சானுக்கு அனுப்புறது

இதுக்கு என்ட பதில்: அனுப்பாதீங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா இந்தத் தொழில்ல இருக்கிறவன் தெரிஞ்சிருக்க வேண்டிய அளவுக்குத் தெரியும். 1940ம் ஆண்டு 9ம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தின காசும் தொல்பொருள்தான். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. டச்சுக்காரன் இந்த ஊரை இங்கிலீஷ்காரனிட்ட விட்டதே 1795ல, ஆகவே உங்கட காசு எந்தக் கணக்குலயும் அந்தத் திகதிக்கு முந்தினது. தொல்பொருளைத் தொல்லியல் பணிப்பாளர் நாயகத்துட அனுமதிப்பத்திரம் இல்லாம நாட்டுக்கு வெளிய அனுப்புறது குற்றம். "சின்னக் காசுதானே, சேலை மடிப்புக்குள்ள வைச்சு அனுப்பு" எண்டு மச்சான் சொன்னதை எனக்கு எழுதினீங்க, நல்லதாப் போச்சு, அதை வேற ஒருத்தருக்கும் எழுத வேணாம். அங்க அனுப்பினாலும் என்ன கிடைக்கும்? நான் மேல சொன்ன அதே டீட்டெயில்ஸ் வரி பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள, அதுக்கு கிரேடிங் ஃபீஸ், போஸ்ட் செலவு. உங்கட காசுக்கு அது கட்டாது.

வீட்டுல பரம்பரையா இருந்த காசுக்கும் மண்ணுக்குள்ள இருந்து எடுத்த காசுக்கும் சட்டத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. மண்ணுக்குள்ள கிடக்கிற, இன்னும் கண்டுபிடிக்காத தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம், கண்டெடுத்தா அறிவிக்கோணும். கடிதத்துட கடைசியில "பின்வளவுல கக்கூஸ் குழி வெட்டப் போறம், இன்னும் கிடைக்குமோ" எண்டு கேட்டிருந்தீங்க, அதுக்குத்தான் இதைச் சொல்றன், அப்பிடிக் கிடைச்சா வேற கதை. இந்தக் காசு அம்மம்மாட பெட்டியில இருந்தது, மாமாட அரையில இருந்தது. அம்மாட்டக் கேட்டு, மாமா எந்த வருஷம் பிறந்தவர், ஆர் கட்டினது, கயிறு ஆர் திரிச்சது எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி திகதி போட்டு அம்மாட கையெழுத்தும் வாங்கி வைங்க. அந்தத் தாளும் கயித்துத் துண்டும் காசோடயே இருக்கட்டும். விக்கிற எண்ணம் வந்தா முதல்ல தொல்லியல் திணைக்களத்துட்டப் போய்க் கேட்டுட்டு, உள்நாட்டுல சேர்க்கிற ஆளுக்கே காட்டுங்க. டவுன்ல கேட்டவருக்கு மட்டும் இப்ப குடுக்காதீங்க, டி (T)யா ஐ (I)யா எண்டு தெரியாம விலை பேசினா நட்டம் உங்களுக்குத்தான்.

எனக்கு இன்னும் ரெண்டு படம் அனுப்புங்க. தண்ணியில ஊற வைச்சு உலந்த பிறகு, ஓட்டைட வலப்பக்கம் மட்டும், லென்ஸுக்குப் பின்னால ஃபோனை வைச்சு எடுக்கோணும். டார்ச்சை மேசையோட படுக்க வைச்சு ஒருக்கா கீழ்ப்பக்கத்தால, ஒருக்கா வலப்பக்கத்தால அடியுங்க. கீழ இருந்து அடிக்கேக்க அந்தச் சின்ன மேட்டுட நிழல் நேரா விழுந்தா எழுத்து, விளிம்போட வளைஞ்சு விழுந்தா தள்ளின செம்பு.